பழைய டேட்டாபேஸ் சர்வரை புது மெஷினுக்கு மாத்தணுமா? பேக்கப்லேர்ந்து ஆரம்பிங்க

கேள்வியை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், படிக்கற மத்தவங்களுக்கும் புரியணும். எட்டு வருஷமா ஓடற சர்வர், ஓஎஸ் சென்ட்ஓஎஸ் 7, டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, டேட்டா 400 ஜிபி கிட்ட, நாலு டிஸ்க் போட்டு ராய்ட் 5 (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தாங்கற அமைப்பு), தினம் ராத்திரி க்ரான்ல (குறிச்ச நேரத்துல தானா ஓட்டற வசதி) பிஜி_டம்ப் (டேட்டாபேஸை ஃபைலா எடுக்கற டூல்) ஓடி அதே மெஷின்லயே இன்னொரு பார்ட்டிஷன்ல போய் உக்காருது. இப்ப ஒரு டிஸ்க்ல ஸ்மார்ட் வார்னிங் (டிஸ்க் தன்னோட நிலைமையை தானே சொல்ற எச்சரிக்கை) வந்திருக்கு, புது மெஷினுக்கு ஆபீஸ்ல காசு ஓகே ஆயிடுச்சு, ஞாயித்துக்கிழமை ராத்திரி நாலு மணி நேரம் டவுன்டைம் தர்றாங்க, பேக்கப்பையும் ஆட்டோமேட்டிக்கா ஆக்கணும். எதை முதல்ல பண்றதுன்னு கேட்டிருக்கீங்க.

பேக்கப். அதுதான் முதல் வேலை. பெரும்பாலும் எல்லாரும் என்ன பண்றாங்கன்னா மெஷினை வாங்கி, டேட்டாவை மாத்தி, ஆப் ஓடுதான்னு பாத்து மூச்சு விட்டுட்டு, "பேக்கப்பை அடுத்த வாரம் செட் பண்ணிக்கலாம்"னு வெச்சுடுவாங்க, அந்த அடுத்த வாரம் வரவே வராது. நான் சொல்றது தலைகீழ். புது சர்வர்ல வர்ற டேட்டா ஒரு பேக்கப்லேர்ந்து ரீஸ்டோர் ஆகித்தான் வரணும். அப்படி பண்ணா மைக்ரேஷனும் ரீஸ்டோர் பயிற்சியும் ஒரே வேலையா முடிஞ்சுடும், எவ்ளோ நேரம் ஆகும், எங்க உடையும்னு முன்னாடியே கைக்கு வந்துடும்.

இதுல நான் ஏன் இவ்ளோ பிடிவாதமா இருக்கேன்னா கிட்லேப்ங்கற கோட் ஹோஸ்டிங் கம்பெனில 2017 ஜனவரி 31 அன்னிக்கு நடந்ததை ஒரு தடவை முழுசா படிச்சவங்க யாரும் மறக்க மாட்டாங்க. ராத்திரி நேரத்துல ரெப்ளிகேஷன் (பிரைமரி சர்வர் டேட்டாவை செகண்டரி சர்வருக்கு விடாம காப்பி பண்றது) பிரச்சனையை சரி பண்ணிட்டிருந்த ஒரு இன்ஜினியர், செகண்டரி சர்வர்னு நினைச்சு பிரைமரியோட டேட்டா டைரக்டரியை அழிச்சுட்டாரு, நிறுத்தறதுக்குள்ள 300 ஜிபியில மிஞ்சினது 4.5 ஜிபி அளவுதான். சரி பேக்கப் இருக்குமேன்னு போய் பாத்தா அமேசான் கிளவுட்ல பேக்கப் வெச்சிருந்த எஸ்3 பக்கெட் காலி. காரணம் என்னன்னா டேட்டாபேஸ் 9.6, ஆனா பேக்கப் ஸ்கிரிப்ட் எடுத்து ஓட்டினது 9.2 வெர்ஷன் பிஜி_டம்ப், அது வெர்ஷன் ஒத்து வரலைன்னு எரர் அடிச்சு நின்னுட்டே இருந்திருக்கு. எரர் மெயில் போயிருக்கு, ஆனா டிமார்க் (மெயில் போலியான்னு சரிபார்க்கற முறை) சரியா இல்லாததால அந்த மெயிலை ரிசீவ் பண்ற பக்கம் தள்ளிவிட்டுட்டே இருந்திருக்கு, ஒருத்தருக்கும் தெரியல. கடைசில காப்பாத்தினது யாரோ ஆறு மணி நேரம் முன்னாடி வேற வேலைக்காக கையால எடுத்து வெச்ச ஒரு எல்விஎம் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து டிஸ்க்கோட நகல்). அந்த ஆறு மணி நேர டேட்டா போனது போனதுதான். கவனிங்க, வெர்ஷன் மாறினப்ப பேக்கப் சத்தமில்லாம செத்திருக்கு. நீங்க பண்ணப்போறதும் வெர்ஷன் மாத்தற வேலைதான்.

சரி, உங்க பழைய மெஷினுக்கு வருவோம். ஸ்மார்ட் வார்னிங்னு பொதுவா விட்டுடாதீங்க, ஸ்மார்ட்சிடிஎல்ங்கற கமாண்டை ஓட்டி நாலு டிஸ்க்குக்கும் 5, 197, 198 இந்த மூணு வரியை பாருங்க. 5 ரீஅலொகேட்டட் செக்டார் (கெட்டுப்போய் மாத்தி வெச்ச இடம்), 197 பெண்டிங் செக்டார் (சந்தேகத்துல இருக்கற இடம்), 198 படிக்கவே முடியாத செக்டார். 197 நாளுக்கு நாள் ஏறிட்டே இருந்தா அந்த டிஸ்க் போகப்போகுதுன்னு வெச்சுக்குங்க. இந்த இடத்துல எல்லாருக்கும் வர்ற ஆசை உடனே டிஸ்க்கை கழட்டி புதுசு போட்டு ரீபில்ட் (மத்த டிஸ்க்லேர்ந்து டேட்டாவை திரும்ப கட்டறது) விடணும்ங்கறது. வேணாம், கொஞ்சம் பொறுங்க. ராய்ட் 5 ரீபில்ட்ல மிச்ச மூணு டிஸ்க்கையும் முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் படிக்கும், அதுவும் அதே வயசு டிஸ்க், பல வருஷமா யாரும் தொடாத மூலையில ஒரு பேட் செக்டார் இருந்தா அப்பதான் வெளில வரும், ரெண்டாவது டிஸ்க்கும் விழுந்தா மொத்தமும் போச்சு. அதனால முதல்ல ஒரு முழு டம்ப் எடுத்து மெஷினுக்கு வெளில கொண்டு போங்க, அப்புறமா டிஸ்க்கை மாத்துங்க. இந்த ரெண்டும் முடியற வரைக்கும் அந்த மெஷினை ரீபூட் பண்ணாதீங்க. வருஷக்கணக்கா நிக்காம சுத்தின பழைய டிஸ்க் ஒரு தடவை நின்னா திரும்ப சுத்தாம போறது நிறைய பேர் பாத்திருக்காங்க.

அந்த டம்ப்பை பழைய மெஷின்ல உக்காந்து எடுக்காதீங்க, புது மெஷின்ல போஸ்ட்கிரெஸ் 17 போட்டுட்டு அங்கேர்ந்து நெட்வொர்க் வழியா எடுங்க. எப்பவும் புது வெர்ஷனோட பிஜி_டம்ப்பால பழைய டேட்டாபேஸை எடுக்கறதுதான் முறை, 17ல வர்ற பிஜி_டம்ப் 9.2 வரைக்கும் உள்ள சர்வரை படிக்கும், அதனால 9.6 ஒரு பிரச்சனையே இல்ல. டைரக்டரி ஃபார்மேட்ல எடுங்க, அப்பதான் நாலஞ்சு டேபிளை ஒரே நேரத்துல பேரலலா எடுக்க முடியும், ரீஸ்டோரும் பேரலலா போகும். பழைய டிஸ்க் மூச்சு வாங்கும், அதனால பேரலல் எண்ணிக்கையை டம்ப்ல கம்மியாவும் ரீஸ்டோர்ல ஜாஸ்தியாவும் வைங்க. பிஜி_டம்ப் ஒரு டேட்டாபேஸைத்தான் எடுக்கும், யூசர், பாஸ்வேர்டு, ரோல் எல்லாம் அதுல வராது, பிஜி_டம்ப்ஆல்ல குளோபல்ஸ் ஒன்லின்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதை தனியா எடுத்து வைங்க. இதை விட்டுட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு ஒவ்வொரு யூசரையா ஞாபகப்படுத்தி கிரியேட் பண்ணிட்டு உக்காரக் கூடாது.

டம்ப் ஓடறப்ப லாக்கை பாருங்க. உங்க 9.6 செக்சம் (டேட்டா கெட்டிருக்கான்னு கண்டுபிடிக்கற சரிபார்ப்பு எண்) போடாம இனிஷியலைஸ் ஆகியிருக்க வாய்ப்பு ஜாஸ்தி, ஏன்னா அப்ப அது டீஃபால்ட் கிடையாது. டிஸ்க் தப்பா ஒரு பேஜை குடுத்தாலும் அந்த பேஜை யாராவது தொடற வரைக்கும் போஸ்ட்கிரெஸ்க்கு தெரியாது. "இன்வேலிட் பேஜ் இன் பிளாக்", "மிஸ்ஸிங் சங்க் நம்பர் ஃபார் டோஸ்ட் வேல்யூ" இந்த மாதிரி ஒரு வரி வந்தா அந்த டேபிள்ல ஏற்கனவே அடி விழுந்திருக்குன்னு அர்த்தம், அந்த இடத்துலயே நிறுத்தி டேபிள்ல எந்த ரோ (வரிசை)ன்னு தேடுங்க, பழைய ராத்திரி டம்ப்கள்ல அந்த ரோ நல்லா இருக்கான்னு பாருங்க. அதனாலதான் பழைய டம்ப் ஒண்ணையும் இப்ப அழிக்காதீங்க.

புது மெஷின் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல. இசிசி ரேம் (பிழையை தானே திருத்தற மெமரி), ரெண்டு என்விஎம்இ எஸ்எஸ்டி மிரர் பண்ணி ராய்ட் 1, அந்த டிஸ்க்ல பவர் லாஸ் புரொடெக்ஷன் (கரண்ட் போனாலும் கேஷை எழுதி முடிக்க உதவற கெப்பாசிட்டர்) இருக்கணும். இந்த கடைசி விஷயத்துல மட்டும் சமரசம் வேணாம். லேப்டாப்புக்கு வாங்கற எஸ்எஸ்டில அந்த கெப்பாசிட்டர் கிடையாது, கரண்ட் போனா டிஸ்க்கோட கேஷ்ல இருந்ததும் போயிடலாம், இல்லாட்டி ஒவ்வொரு எஃப்சிங்க்கும் (டேட்டாவை நிஜமா டிஸ்க்ல எழுதி முடிக்கச் சொல்ற கட்டளை) நேரம் எடுத்து டேட்டாபேஸ் தவழும். பிஜி_டெஸ்ட்_எஃப்சிங்க்னு போஸ்ட்கிரெஸ் கூடவே வர்ற டூல் இருக்கு, டெலிவரி வந்த அன்னிக்கே ஓட்டி நம்பரை குறிச்சு வைங்க. இனிட்டிபி (புது டேட்டாபேஸை முதல்முறை உருவாக்கற கமாண்ட்) பண்றப்ப டேட்டா செக்சம் ஆப்ஷனை மறக்காம போடுங்க, 18லதான் அது டீஃபால்ட், 17ல நாமதான் சொல்லணும்.

ஓஎஸ் விஷயத்துல ஒரு பெரிய குழி இருக்கு, கொஞ்சம் விரிவாவே சொல்றேன். சென்ட்ஓஎஸ் 7க்கு 2024 ஜூன் 30ஓட சப்போர்ட் முடிஞ்சாச்சு, போஸ்ட்கிரெஸ் 9.6க்கு 2021 நவம்பர்லயே முடிஞ்சது, ரெண்டையும் சேத்து மாத்தித்தான் ஆகணும். சென்ட்ஓஎஸ் 7ல இருக்கறது ஜிலிப்சி (எழுத்துக்களை வரிசைப்படுத்தற விதியும் அடங்கின லினக்ஸ் லைப்ரரி) 2.17. 2018ல வந்த 2.28ல எழுத்து வரிசை விதி மொத்தமா மாறிடுச்சு. ரெண்டு மெஷின்லயும் என்_யுஎஸ் யுடிஎஃப்-8 லொகேல்ல (மொழி அமைப்பு) "1-1", "11" இந்த ரெண்டு வரியை சார்ட் கமாண்டுக்கு குடுத்து பாருங்க, பழைய மெஷின் 11ஐ முதல்ல போடும், புதுசு 1-1ஐ முதல்ல போடும். இப்ப உங்க இன்வாய்ஸ் நம்பர் காலம்ல (டேபிளோட நெடுவரிசை) ஒரு பிட்ரீ இண்டெக்ஸ் (வேகமா தேட வரிசையா அடுக்கி வெச்ச பட்டியல்) இருக்குன்னு வைங்க, அது பழைய வரிசைல அடுக்கி வெச்சது. அந்த டேட்டா டைரக்டரியை அப்படியே ஆர்சிங்க்ல (ஃபைல் காப்பி டூல்) காப்பி பண்ணியோ, ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷன்லயோ, பிஜி_அப்கிரேட்லயோ (டேட்டா ஃபைலை வெச்சே வெர்ஷன் ஏத்தற டூல்) புது ஓஎஸ்க்கு கொண்டு வந்தா இண்டெக்ஸ் பழைய வரிசைல இருக்கும், தேடறவன் புது வரிசைல தேடுவான், இருக்கற இன்வாய்ஸ் இல்லன்னு வரும், யூனிக்னு போட்ட காலம்ல டூப்ளிகேட் ஏறும். எரரே வராது, அதுதான் பயம். அப்படி கொண்டு வந்தீங்கன்னா டெக்ஸ்ட் காலம் இண்டெக்ஸ் எல்லாத்தையும் ரீஇண்டெக்ஸ் பண்ணியே ஆகணும். டம்ப் ரீஸ்டோர்ல இந்த தொல்லை இல்ல, ஏன்னா இண்டெக்ஸ் புது மெஷின்ல புதுசா கட்டப்படுது. 400 ஜிபிக்கு நான் டம்ப் ரீஸ்டோர் வழியையே சொல்றதுக்கு இது ஒரு முக்கிய காரணம். இன்னொரு லாபம், பழசுல ஏற்கனவே டூப்ளிகேட் ஒளிஞ்சிருந்தா ரீஸ்டோர்ல யூனிக் இண்டெக்ஸ் கட்ட முடியலன்னு நேரா சொல்லிடும்.

இதுலயே தமிழ் பேர் வெச்சிருக்கறவங்களுக்கு ஒண்ணு. இந்த ஜிலிப்சி தலைவலியே வேணாம்னு 17ல வந்திருக்கற பில்ட்இன் சி யுடிஎஃப்-8 கொலேஷனுக்கு (எழுத்து வரிசை விதி) போகலாம், அது ஓஎஸ்ஸை நம்பாது, நல்ல விஷயம்தான். ஆனா அது யூனிகோட் எண் வரிசைல அடுக்கும், யூனிகோட்ல ன-வோட இடம் ந-வுக்கு அடுத்தது, ற-வோட இடம் ர-வுக்கு அடுத்தது. நம்ம அகராதி வரிசைல ற, ன ரெண்டும் கடைசி. அப்ப வாடிக்கையாளர் பட்டியல் திரையில தப்பான வரிசைல வரும். பட்டியல் காட்டற கொயரில மட்டும் தமிழுக்கான ஐசியூ (யூனிகோட் மொழி விதிகளுக்கான லைப்ரரி) கொலேஷனை சொல்லிட்டா சரியாயிடும், மொத்த டேட்டாபேஸுக்கும் போட வேண்டியதில்ல.

இப்ப ரிஹர்சல். நிஜ ராத்திரிக்கு முன்னாடி குறைஞ்சது ஒரு தடவை முழு டம்ப், முழு ரீஸ்டோர், கையில கடிகாரத்தோட. ரீஸ்டோர் நேரத்துல பாதிக்கு மேல இண்டெக்ஸ் கட்டறதுலதான் போகும், அதனால மெயின்டனன்ஸ் வொர்க் மெம், மேக்ஸ் வால் சைஸ்ங்கற ரெண்டு செட்டிங்கையும் தற்காலிகமா ஏத்தி வைங்க (வால்ங்கறது WAL, ஒவ்வொரு மாற்றத்தையும் முதல்ல எழுதி வைக்கற லாக்). எஃப்சிங்க்கை ஆஃப் பண்ணா வேகமா போகும்னு யாராவது சொல்வாங்க, திரும்ப ஆன் பண்ண மறந்தா அவ்ளோதான், அந்த வழியே வேணாம். ரீஸ்டோர் முடிஞ்சதும் அனலைஸ் ஓட்டணும், டம்ப்ல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் (டேபிள்ல என்ன மாதிரி டேட்டா இருக்குங்கற கணக்கு) வராது, அது இல்லாம ஆப்பை திறந்துவிட்டா கொயரிக்கு வழி தேர்ந்தெடுக்கற பிளானர் கண்ணை கட்டிக்கிட்டு கொயரி ஓட்டும், "புது சர்வர் பழசை விட ஸ்லோ"ன்னு திங்கக்கிழமை காலைல போன் வரும். வேக்யூம்டிபில அனலைஸ் இன் ஸ்டேஜஸ்னு ஆப்ஷன் இருக்கு, முதல்ல தோராயமா வேகமா முடிச்சுட்டு அப்புறம் நுணுக்கமா போகும்.

ரிஹர்சல் டேட்டாபேஸ்ல ஆப்பை ஒரு முழு நாள் ஓட்டிப் பாருங்க, முக்கியமா லாகின். போஸ்ட்கிரெஸ் 14லேர்ந்து பாஸ்வேர்டை சேமிக்கற டீஃபால்ட் முறை ஸ்கிராம், உங்க பழைய யூசர் பாஸ்வேர்டு எல்லாம் எம்டி5ங்கற பழைய முறை ஹேஷா வரும். பிஜி_ஹெச்பிஏல (யார் எப்படி கனெக்ட் ஆகலாம்னு சொல்ற ஃபைல்) எம்டி5ன்னு இருந்தா ரெண்டு வகையும் உள்ள போகும், ஸ்கிராம்னு மட்டும் எழுதிட்டா பழைய ஹேஷ் உள்ள யூசர் எவரும் லாகின் ஆக முடியாது. அதனால எம்டி5ல வெச்சு கொண்டு வாங்க, பாஸ்வேர்டை ஒவ்வொண்ணா ரீசெட் பண்ணிட்டு அப்புறம் இறுக்குங்க. ஜாவா ஆப்னா டிரைவர் 42.2க்கு முந்தினதா இருந்தா ஸ்கிராமே தெரியாது. அதே மாதிரி டேபிளோட மறைஞ்சிருந்த ஓஐடிங்கற ஐடி நம்பர் காலத்தை நம்பி எழுதின பழைய கோட் இருந்தா 12லயே அதை எடுத்துட்டாங்க, இப்ப உடையும். ஆப் கான்ஃபிக்ல ஐபி அட்ரஸ் நேரடியா எழுதியிருந்தா இந்த சமயத்துலயே டிஎன்எஸ் பேருக்கு மாத்திடுங்க, அப்பதான் கட்ஓவர் (புது சர்வருக்கு மாறற) அன்னிக்கு ஒரே இடத்துல மாத்தினா போதும்.

பேக்கப்புக்கு பிஜிபேக்ரெஸ்ட், இல்லாட்டி பார்மன், ரெண்டும் போஸ்ட்கிரெஸ் பேக்கப் டூல், எது உங்க கைக்கு வருதோ அது. சொந்தமா பாஷ் ஸ்கிரிப்ட் எழுதாதீங்க. ராத்திரி டம்ப் மட்டும் இருந்தா சாயங்காலம் அஞ்சு மணிக்கு சர்வர் செத்தா அன்னிக்கு முழு நாள் வேலை போச்சு. வால் ஆர்க்கைவிங் போட்டா ஒவ்வொரு 16 எம்பி வால் ஃபைலும் நிறைஞ்ச உடனே வெளில போயிடும், ஆர்க்கைவ் டைம்அவுட்டை ஒரு நிமிஷம்னு வெச்சா அதிகபட்ச இழப்பு ஒரு நிமிஷம் அளவுக்கு வந்துடும், "மதியம் 2:17க்கு யாரோ WHERE கண்டிஷன் இல்லாம டெலீட் ஓட்டிட்டாங்க, 2:16க்கு கொண்டு போ"ன்னும் சொல்ல முடியும். ஞாயிறு ஃபுல், மத்த நாள் டிஃபரன்ஷியல் (கடைசி ஃபுல்லுக்கு அப்புறம் மாறினது மட்டும்), ரெண்டு ஃபுல் வெச்சுக்கற மாதிரி ரிட்டென்ஷன், உங்க அளவுக்கு இது போதும். காப்பி ஒண்ணு ஆபீஸ்லயே வேற மெஷின்ல, இன்னொண்ணு வெளில ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ்ல (எஸ்3 மாதிரி கிளவுட் ஸ்டோரேஜ்), அதுல அழிக்க முடியாத மாதிரி லாக் போட்டு. ரேன்சம்வேர் வந்தா முதல்ல தேடி அழிக்கறது பேக்கப்பைத்தான், டேட்டாபேஸ் சர்வர்ல இருக்கற கீயால பேக்கப்பை அழிக்க முடிஞ்சா அது பேக்கப்பே கிடையாது. என்கிரிப்ட் பண்ணீங்கன்னா பாஸ்ஃபிரேஸை அந்த சர்வர்ல மட்டும் வெச்சுடாதீங்க, சர்வர் போனா பாஸ்ஃபிரேஸும் சேந்து போகும், அப்புறம் பேக்கப் இருந்தும் திறக்க முடியாது.

வால் ஆர்க்கைவிங் போட்டவங்க கட்டாயம் தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. பேக்கப் மெஷின் படுத்துட்டா போஸ்ட்கிரெஸ் அந்த வால் ஃபைலை தூக்கி எறியாது, போய் சேர்ற வரைக்கும் பிஜி_வால் டைரக்டரில சேத்துக்கிட்டே போகும், டிஸ்க் நிறைஞ்சா டேட்டாபேஸே நின்னுடும். அதனால பிஜி_ஸ்டாட்_ஆர்க்கைவர் வியூல கடைசியா ஆர்க்கைவ் ஆன நேரம், ஃபெயில் எண்ணிக்கை ரெண்டையும் மானிட்டரிங்ல போடுங்க, டிஸ்க் 70 சதவீதம் தாண்டினா போன் அடிக்கணும். அப்புறம் அலர்ட் விஷயம். ஃபெயில் ஆனா மெயில் அனுப்பு அப்படிங்கற ஏற்பாடு போதாது, மேல சொன்ன கிட்லேப் கதைல மெயில்தான் போய் சேரலை. பேக்கப் முடிஞ்சதும் வேற ஒரு இடத்துக்கு "முடிஞ்சது"ன்னு சிக்னல் போகணும், காலைல ஆறு மணிக்குள்ள அந்த சிக்னல் வரலைன்னா அந்த இடம் கத்தணும். ஸ்கிரிப்ட் ஓடலைன்னாலும், கிரான் செத்தாலும், மெஷினே இல்லைன்னாலும் இது பிடிச்சுடும்.

இதோட சேத்து வாராந்திர ரீஸ்டோர் டெஸ்ட்டையும் ஆட்டோமேட் பண்ணுங்க. டிஸ்க் மாத்தியிருந்தாலும் உங்க பழைய மெஷின் இதுக்கு வேணாம், ஒரு சாதாரண டெஸ்க்டாப்ல பெரிய டிஸ்க் போட்டா போதும். ஞாயிறு காலைல லேட்டஸ்ட் பேக்கப்பை ரீஸ்டோர் பண்ணி, போஸ்ட்கிரெஸ்ஸை ஸ்டார்ட் பண்ணி, கடைசியா போட்ட ஆர்டரோட நேரம் என்னன்னு ஒரு கொயரி, அது நேத்து ராத்திரிக்கு முந்தினதா இருந்தா அலர்ட். அப்புறம் பிஜி_ஆம்செக் ஓட்டி இண்டெக்ஸ் எல்லாம் ஒழுங்கா இருக்கான்னு பாருங்க.

கட்ஓவர் ராத்திரி வரிசை இதுதான். ஆப்பை நிறுத்துங்க. பழைய சர்வர்ல பிஜி_ஹெச்பிஏல உங்க டம்ப் யூசரைத் தவிர எல்லாருக்கும் ரிஜெக்ட் போட்டு ரீலோட் பண்ணி, ஏற்கனவே உள்ள கனெக்ஷன்களை துண்டிச்சுடுங்க. ரீட் ஒன்லி செட்டிங் மட்டும் போட்டா போதாது, எந்த செஷனும் அதை தானே மாத்திக்க முடியும், மறந்துபோன ஏதோ ஒரு ரிப்போர்ட் ஸ்கிரிப்ட் நடுராத்திரில எழுதிட்டு போயிடும். டம்ப், ரீஸ்டோர், அனலைஸ். பெரிய டேபிள்கள்ல ரோ எண்ணிக்கையும், தொகை காலம் கூட்டலும் ரெண்டு பக்கமும் ஒத்துப்போகுதான்னு பாருங்க, எண்ணிக்கை மட்டும் பாத்தா பத்தாது. அதுக்கப்புறம் ஆர்க்கைவிங்கை ஆன் பண்ணி, பிஜிபேக்ரெஸ்ட் செக் ஓட்டி, முதல் ஃபுல் பேக்கப் எடுத்து, அது முடிஞ்சதுக்கப்புறம்தான் ஆப்பை திறக்கணும். நேரம் இடிக்குதுன்னு இந்த ஒரு ஸ்டெப்பை தள்ளிப்போடச் சொல்லி மேனேஜர் கேப்பாங்க, ஒத்துக்காதீங்க. ஆப்பை திறந்து முதல் ஆர்டர் விழுந்ததுக்கப்புறம் பழைய சர்வருக்கு திரும்பறது லேசுப்பட்ட வேலை இல்ல, அதனால போகலாமா வேணாமாங்கற முடிவை ஆப் திறக்கறதுக்கு முன்னாடியே எடுத்துடணும், அந்த நேரத்தையும் முன்கூட்டியே குறிச்சு எல்லாருக்கும் சொல்லிடுங்க.

பழைய சர்வர்ல போஸ்ட்கிரெஸ்ஸை நிறுத்தி, பூட்ல தானா ஸ்டார்ட் ஆகாம டிசேபிள் பண்ணி, ஒரு மாச கணக்கு முடியற வரைக்கும் அப்படியே வெச்சிருங்க. மாசக்கடைசி ரிப்போர்ட்லதான் விட்டுப்போன ஏதாவது ஒண்ணு வெளில வரும். அப்புறம் டிஸ்க்கை முழுசா துடைச்சுட்டு குடுங்க, அதுல இருக்கறது வாடிக்கையாளர் டேட்டா.

ரிஹர்சல்ல டம்ப், ரீஸ்டோர், அனலைஸ், ஃபுல் பேக்கப் நாலும் சேந்து மூணு மணி நேரத்துக்குள்ள வந்தா இந்த வழியிலயே போங்க. ஜிகாபிட் நெட்வொர்க்ல 400 ஜிபி கடக்கவே ஒரு மணி நேரம் பக்கம் ஆகும், ஆனா இண்டெக்ஸ் டம்ப்ல வராது, கம்ப்ரெஸ்ஸும் ஆகும், அதனால நிஜத்துல கம்மியாத்தான் வரும். மூணைத் தாண்டிச்சுன்னா பழைய லாக் டேபிள், ஆடிட் டேபிள் மாதிரி மாறாத டேட்டாவை முந்தின நாளே கொண்டு போயிடலாம், பாதி பேருக்கு அதுலயே தீந்துடும். அதுவும் பத்தலைன்னா பழைய சர்வர் ஓடறப்பவே மாற்றங்களை புது வெர்ஷனுக்கு அனுப்பிட்டே இருக்கற லாஜிகல் ரெப்ளிகேஷன்தான் வழி, ஆனா 9.6ல அது உள்ளயே கிடையாது, 10லதான் வந்துச்சு, பிஜிலாஜிகல் எக்ஸ்டென்ஷன் போடணும், அதுக்கு வால் லெவலை மாத்தி பழைய போஸ்ட்கிரெஸ்ஸை ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணணும், எல்லா டேபிளுக்கும் பிரைமரி கீ (ஒவ்வொரு ரோவையும் தனியா அடையாளம் காட்டற காலம்) இருக்கணும், சீக்வென்ஸ் (தானா ஏறற ஐடி) நம்பரை கட்ஓவர்ல கவனிச்சு முன்னாடி தள்ளி வைக்கணும். ரிஹர்சல் டைமிங் வந்ததும் டேபிள் வாரியா சைஸோட சொல்லுங்க, எதை முன்னாடி நகர்த்தலாம்னு சேந்து பாக்கலாம்.